தளம் இறுகும் வரை

தண்டையார்பேட்டையில் எந்த மேஸ்திரியிடம் போய், வீட்டின் மேற்கூரையைப் பிரித்துப் புதுத்தளம் போட எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாலும், வருவது ஆள்கணக்காகவே இருக்கும். பிரிக்க இரண்டு நாள், சென்ட்ரிங் அடிக்க நான்கு நாள், கம்பி கட்ட இரண்டு நாள், கான்கிரீட் ஒரே நாள். கூட்டிப் பார்த்தால் பத்து நாளுக்குள் அடங்கிவிடுகிறது. இந்தக் கணக்கில் பொய் இல்லை. வீட்டின்மேல் ஆள் நிற்கும் நாட்களை மட்டும் அது எண்ணுகிறது, அவ்வளவுதான். குடும்பம் சாமானோடு வெளியேறிய நாளிலிருந்து திரும்ப வந்து அடுப்பு மூட்டும் நாள்வரை எண்ணினால், நானூறு ஐந்நூறு சதுர அடி வீட்டுக்கே ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம்வரை ஓடிவிடும். இரண்டு கணக்குக்கும் இடையில் நிற்பது சோம்பலோ ஏமாற்றோ அல்ல. சிமெண்ட் இறுகுவதற்கும் ஈரம் காய்வதற்கும் மழை ஓய்வதற்கும் போகிற காலம் அது. கூரை மாற்றும் காலத்தில் பெரும்பங்கு யாரும் வேலை செய்யாத காலம். அவசரம் வந்தால் முதலில் வெட்டப்படுவது அதுதான். அதை வெட்டியதன் விலையைப் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, காரை பெயர்ந்து விழும்போது வீட்டுக்காரர் கொடுக்கிறார் என்பதே என் கட்சி. அந்தக் காத்திருப்பின் செலவை இன்று யாரும் மதிப்பீட்டில் எழுதுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கூரைக்குக் கூரை இந்தக் காலம் மாறும். அமெரிக்காவில் ஒரு வீட்டுக் கூரையை ஒன்றிலிருந்து மூன்று நாளில் மாற்றிவிடுகிறார்கள் என்று கேட்டு வியப்பவர்கள், அங்கே மாற்றப்படுவது பெரும்பாலும் மேலே ஆணியடித்த தார் வில்லைகள் மட்டுமே என்பதைக் கவனிப்பதில்லை. அடியிலுள்ள பலகையும் மரச்சட்டமும் அப்படியே நிற்கின்றன. ஈரமான பொருள் எதுவும் அந்த வேலையில் இல்லை, எனவே காத்திருக்கவும் ஒன்றுமில்லை. வடசென்னையில் அதற்கு நெருங்கிய உறவு சீமை ஓடு. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய இந்த ஓடு, நாட்டு ஓட்டை ஓரங்கட்டி ராயபுரம், தண்டையார்பேட்டை தெருக்களிலும் ஏறியது. ஓட்டை மட்டும் பிரித்து அடுக்கினால் இரண்டு நாள் வேலை. ஆனால் ஓடு கெட்டுவிட்டது என்று எவரும் கூரையைப் பிரிப்பதில்லை. கைமரத்தைக் கரையான் அரித்திருக்கும், ரீப்பர் உளுத்திருக்கும், சுவர்தலை நொறுங்கியிருக்கும். மரம் தேடி அறுத்துக் கொண்டுவந்து இழைத்து ஏற்றுவதற்குள் இரண்டு நாள் இரண்டு வாரமாகிவிடும்.

மறுகோடியில் சிமெண்ட் ஷீட் இருக்கிறது. காலையில் பிரித்து, மாலைக்குள் இரும்புக் குழாய்மேல் புது ஷீட்டை ஏற்றி ஜே போல்ட் முடுக்கிவிடலாம்; அன்றிரவே அதன் கீழ் படுக்கலாம். கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை, காசிமேடு வரிசைகளில் ஷீட் இவ்வளவு பெருகியதற்கு விலை ஒரு காரணம் என்றால், வாடகைக்கு இடம் தேடாமலேயே கூரை மாற்றலாம் என்பது இன்னொரு காரணம். ஏழைக்கு நாள் என்பதே பணம். ஆனால் பழைய ஷீட் கல்நார் கலந்ததாக இருந்தால் இந்த ஒரு நாள் வேகமே ஆபத்து. கல்நாரில் எந்த வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடைக்கும்போது பறக்கும் கண்ணுக்குத் தெரியாத நார்தான் நுரையீரலுக்குள் போகிறது. நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும். சம்மட்டியால் தட்டி இறக்குவது அரை நாளை மிச்சப்படுத்தும், தெருப் பிள்ளைகளின் மூச்சுக் காற்றின் செலவில். இலங்கை கல்நாரை நிறுத்தப் பார்த்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலையை வாங்க மறுத்தவுடன் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது. கல்நாரை ஏற்றுமதி செய்யும் முதன்மை நாடு ரஷ்யா. கூரை விவகாரம் தேயிலைக் கொள்கலனுக்குள் போய்விட்ட கதை அது.

இந்த வட்டாரத்தின் பெருமைக்குரிய கூரை மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டை, கட்டைக்கு மேல் மெல்லிய செங்கலைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாக்காக வரிசை, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு. செங்கல்லை ஒரு மூலையிலிருந்து சாய்வாக அடுக்கிக்கொண்டே போவதால் முந்தைய வரிசை அடுத்ததைத் தாங்குகிறது. கீழே சென்ட்ரிங்கே வேண்டாம். அப்படியானால் காலம் மிச்சமாக வேண்டுமே? ஆகாது. ஜல்லித் தளத்தை மரக்கட்டையால் அடித்து இறுக்க வேண்டும், அடிக்கும்போதெல்லாம் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிக்க வேண்டும். குறைந்தது ஏழு நாள், கட்டை பட்டால் தடம் விழாமல் எகிறும்வரை அடிக்க வேண்டும் என்பது ஜல்லித் தளத்துக்குரிய நெறி. அதற்குப் பிறகும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கல்லாகிறது. வாரங்களும் மாதங்களும் அதற்கு வேண்டும். பழைய கட்டடக்காரர்கள் காத்திருப்பைப் பொறுமையின் பேரால் செய்யவில்லை. சுண்ணாம்பு வேறு வழி கொடுக்கவில்லை. சிமெண்ட் வந்தபிறகுதான், காத்திருக்க வேண்டியதில்லை என்ற நினைப்பு வந்தது. டெரஸ் கூரையை மாற்றும்போது இன்னொரு காலமும் சேர்ந்துகொள்ளும். வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக் கட்டைகளும் ஒரே பொதுச்சுவரில் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் உருவினால் மறுபக்கம் அசையும். பக்கத்து வீட்டுக்குள் முட்டு கொடுக்காமல் பிரிக்கக்கூடாது, அதற்கு அந்த வீட்டாரின் சம்மதம் வேண்டும். பங்காளிகளுக்கிடையே சொத்து பிரியாத வீடு என்றால் அந்தச் சம்மதம் எந்தப் பொறியாளர் அட்டவணையிலும் அடங்காது.

இனி கான்கிரீட். இன்று கூரை மாற்றுவது என்றால் பெரும்பாலும் இதுதான். ஓட்டையோ ஷீட்டையோ டெரஸையோ இறக்கிவிட்டு, சுவர்தலையில் பெல்ட் பீம் ஓட்டி, தளம் போடுவார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சொல்வது இது: சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டில் போட்ட தளத்தின் அடிப்பலகையை, முட்டை உடனே திரும்பக் கொடுப்பதாக இருந்தால் மூன்று நாளில் எடுக்கலாம். முட்டுகளையே எடுக்க, நாலரை மீட்டர் வரையிலான அகலத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு ஆறு மீட்டர்வரை 14, அதைத் தாண்டினால் 21. தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்கும் காலம் குறைந்தது 7 நாள். கலப்பு சிமெண்டுக்கும் வறண்ட வெயிலுக்கும் 10 நாள். வடிவமைப்பில் கணக்கிடும் முழு வலிமையோ 28 நாள் வலிமை. ஏழாம் நாள் தளம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வலுவோடுதான் நிற்கிறது. அதன்மேல் ஜல்லியும் மணலும் கொட்டி, கைப்பிடிச் சுவர் எழுப்பத் தொடங்கிவிடுவது நம் ஊர் வழக்கம்.

இந்த எண்களில் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. முட்டு எடுக்கும் நாட்கள் சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு எழுதப்பட்டவை. வேறு சிமெண்ட் என்றால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளச் சொல்கிறது நெறி. கடையில் சில்லறையாக வாங்கும் மூட்டையில் பெரும்பாலானது சாம்பல் கலந்த பி.பி.சி. அனல்மின் நிலையப் புகைபோக்கியில் பிடித்த சாம்பல்தான் அதில் போகிறது. 1970இல் தொடங்கி 2017 மார்ச்சில் மூடிய எண்ணூர் அனல்மின் நிலையமும், அத்திப்பட்டில் இன்னும் ஓடும் வடசென்னை நிலையமும் இந்தப் பகுதி மக்களுக்குச் சாம்பலை வாசலிலேயே காட்டியவை. பி.பி.சி. மட்டமான சிமெண்ட் அல்ல. உப்பை எதிர்ப்பதில் நாளடைவில் சாதாரண சிமெண்டைவிட மேல். ஆனால் முதல் வாரத்தில் மெதுவாகத்தான் இறுகும். நீண்ட நாள் தண்ணீர் கேட்கும் சிமெண்டைப் போட்டுவிட்டு, குறுகிய நாள் கணக்கில் முட்டாக நிற்கும் ஜாக்கியை உருவுகிறோம் என்பதே இதன் பொருள்.

கடலோரத்தில் இந்தத் தவறு இரட்டிப்பாகிறது. தளத்தின் மேல்தோலும் அடித்தோலும் ஈரத்தில் நன்றாக இறுகினால்தான் நுண்துளை அடைபடும். இரண்டாம் நாளே காயவிட்ட தளத்தில் அந்தத் துளை திறந்தே கிடக்கும். வங்கக் கடலிலிருந்து வரும் உப்புக்காற்று அந்த வழியாகத்தான் கம்பியை அடைகிறது. துருப்பிடித்த இரும்பு பல மடங்கு பருத்து, உள்ளிருந்து நெட்டித் தள்ளும். கீழே சோறு தின்று கொண்டிருப்பவர் தட்டில் காரை விழும். கடலோரச் சூழலுக்கு, கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டான கவர் 45 மில்லிமீட்டர் வேண்டும் என்று அதே நெறி கேட்கிறது. சந்துகளில் போடும் தளங்களில் அதில் பாதி இருந்தாலே அதிகம். தண்ணீர் விஷயமும் அப்படித்தான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மீஞ்சூர் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல காலமாகப் பதிவான உண்மை. தண்டையார்பேட்டையின் பல போர்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. எனவே பாத்தி கட்டி நிறுத்தும் நீரும் நல்ல நீராக, லாரியிலோ குழாயிலோ வர வேண்டும். ஏரிகள் வறண்ட 2019 கோடையில் குடிக்கக் குடம் தூக்கிக்கொண்டு அலைந்த தெருவில், பத்து நாள் தளத்துக்குத் தண்ணீர் கட்டு என்று சொல்வது எளிதல்ல. அந்த ஆண்டு போட்ட தளங்கள் எப்படி இருக்கின்றன என்று யாராவது ஆராய்ந்தால் பயனுண்டு.

வானத்தைப் பார்த்தால் அவகாசம் இன்னும் சுருங்கும். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர்; அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. 2015இன் வெள்ளம், 2016 டிசம்பர் 12இன் வர்தா, 2023 டிசம்பரின் மிக்ஜாம் எல்லாம் அந்த மூன்று மாதத்துக்குள் வந்தவை. வர்தாவில் ஷீட்டுகள் காகிதம்போலப் பறந்தன. புயலுக்கு மறுவாரம் ஷீட்டும் கிடைக்காது, போடும் ஆளும் கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீட்டில் கைவைக்க மாட்டார்கள். ஆக, திறந்த வீட்டோடு துணிந்து நிற்கக்கூடிய காலம் தை முதல் வைகாசி வரைதான். காசிமேட்டு விசைப்படகுக் குடும்பங்களுக்கு அதிலும் ஒரு முரண். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை; ஆண்கள் கரையில் இருக்கிறார்கள், வேலைக்குக் கை இருக்கிறது, தளம் இறுகப் போதுமான நாளும் இருக்கிறது. காசுதான் இல்லை. தடைக்காலத்துக்கு அரசு தரும் 8,000 ரூபாய் இரண்டு மாதச் சாப்பாட்டுக்கே இழுபறி. காசு வரும் ஐப்பசி சீசனில் கூரையைத் திறக்க முடியாது.

இவ்வளவையும் கேட்ட அனுபவசாலி மேஸ்திரி ஒருவர் சொல்லக்கூடிய மறுப்பு வலுவானது: ஐந்தாம் நாளே சென்ட்ரிங் பிரித்த தளங்கள் நாற்பது ஆண்டாக நிற்கின்றனவே? நிற்கின்றன, மறுக்கவில்லை. சிறிய அறைகளின் அகலம் பத்தடி. கம்பி தேவைக்கு மேலேயே கட்டியிருப்பார்கள். மேலே துணி காயப்போடுவதைத் தவிர வேறு பாரம் இல்லை. இவை சேர்ந்து தவறை மன்னித்துவிட்டன. ஆனால் விழாமல் நிற்பது ஒன்று, கம்பி துருப்பிடிக்காமல் நிற்பது இன்னொன்று. மேஸ்திரி நினைப்பில் கூரை தோற்பது என்றால் இடிந்து விழுவது. வீட்டுக்காரர் அனுபவத்தில் அது ஒழுகுவதும் உதிர்வதும். இரண்டாவது தோல்வி மெதுவாக வருவதால், அதற்கும் முதல் வாரத்து அவசரத்துக்கும் உள்ள உறவு யார் கண்ணிலும் படுவதில்லை. நின்றவற்றை மட்டும் எண்ணிக் காட்டுவதில் இன்னொரு குறையும் உண்டு: இடித்துவிட்டுத் திரும்பக் கட்டியவை இன்று எண்ணுவதற்கு அங்கே இல்லை.

தொழில்நுட்பம் இந்தக் காலத்தைச் சுருக்காதா என்பது அடுத்த கேள்வி. சுருக்கும், ஓரளவுக்கு. ஆலையில் கலந்த ரெடிமிக்ஸ், விரைவில் இறுக்கும் மருந்து, முன்வார்ப்புப் பலகை எல்லாம் பெரிய கட்டடங்களில் வாரக்கணக்கை நாள்கணக்காக்கியிருக்கின்றன. திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு அடியில் 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் சுரங்கச் சுவர் முழுதும் முன்வார்ப்புத் துண்டுகள்தான். ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து இருநூறடி உள்ளே, எட்டடிச் சந்தில், ரெடிமிக்ஸ் லாரியும் திரும்பாது கிரேனும் நிமிராது. அங்கே தெருமுனையில் மிக்ஸர் மெஷின் ஓட, சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவதுதான் இன்றும் நடைமுறை. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறை, 2,500 சதுர அடி வரையிலான மனையில் கட்டும் சிறு வீட்டுக்கு இணையத்தில் உடனடி அனுமதி தருகிறது. காகிதத்துக்குப் போன மாதங்கள் மிச்சம். அதுவும் பத்திரம் கையில் உள்ளவருக்கு. புறம்போக்கிலும் பிறர் மனையிலும் தலைமுறையாக இருப்பவர்கள் இந்த வேகத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

கடினமான மறுப்பு மூன்றாவது: காத்திருப்பது வசதியுள்ளவர் சொகுசு, வாடகை கொடுப்பவருக்கு ஒவ்வொரு நாளும் வயிற்றில் அடி. இதை நான் முழுதாக ஏற்கிறேன். என் வாதமே இதில்தான் முடிகிறது. முட்டை முன்கூட்டி உருவுவது அறியாமையால் மட்டும் நடப்பதில்லை. சென்ட்ரிங் ஷீட்டும் ஜாக்கியும் வாடகைச் சரக்கு. ஒரு வீட்டின் அடியில் அவை சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் சென்ட்ரிங்காரருக்கு அடுத்த வீட்டு வருமானம் போகிறது. மேஸ்திரிக்குப் பேசிய சதுர அடி விலையில் தளம் போட்ட அன்றே பெரிய தவணை கைக்கு வந்துவிடும். அதன்பின் அங்கே நிற்க அவருக்குக் காரணமில்லை. வீட்டுக்காரரோ அட்வான்ஸ் கொடுத்து எடுத்த ஒற்றை அறையில் இரண்டாம் மாத வாடகையை எதிர்பார்த்து நிற்கிறார். மூன்று பேரின் நலனும் ஒரே திசையில் இழுக்கிறது, தளத்தின் பக்கம் பேச ஒருவரும் இல்லை.

பொதுப்பணத்தில் நடக்கும் வேலையிலும் நிலைமை வேறல்ல. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் தன் மனையில் தானே கட்டுபவருக்கு மானியம் அடித்தளம், லிண்டல், கூரை, நிறைவு என்று கட்டம் கட்டமாக, கண்ணுக்குத் தெரியும் வேலையைப் பார்த்து விடுவிக்கப்படுகிறது. தளத்தில் தண்ணீர் நிற்கும் பத்து நாளுக்கு அதில் தனிக் கட்டம் இல்லை. அடுக்ககங்களில் இது பன்மடங்காகிறது. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றி, இன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியிருக்கும் அமைப்பின் கட்டடங்கள் வடசென்னை எங்கும் நிற்கின்றன. 1993இல் கட்டிய திருவொற்றியூர் அரிவாக்குளம் குடியிருப்பில் 2021 டிசம்பர் 27 அன்று ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. 24 வீடுகள், விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர் தப்பியது. அங்கே கூரை என்பது மேல்வீட்டின் தரை. ஒருவர் தன் கூரையை மட்டும் மாற்ற முடியாது, எல்லோரும் வெளியேறினால்தான் எதுவும் நடக்கும். இடித்துக் கட்டும் இடங்களில் வெளியேறும் குடும்பத்துக்கு வாரியம் தரும் கருணைத்தொகை 24,000 ரூபாய். முன்பிருந்த 8,000க்கு இது பெரிய உயர்வு. ஆனால் கட்டி முடிக்க 18 மாதம் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 1,333 ரூபாய். தண்டையார்பேட்டையில் அந்தத் தொகைக்கு ஓர் அறை கிடைக்காது. பழுதான வீட்டிலிருந்து மக்கள் ஏன் நகர மறுக்கிறார்கள் என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்ளும்போது இந்த வகுத்தலைச் செய்து பார்க்கலாம்.

மதிப்பீட்டுத் தாளில் சிமெண்ட், மணல், கம்பி, கூலி என்ற வரிகளோடு இன்னும் மூன்று வரி சேர வேண்டும்: முட்டு நிற்கும் 14 நாளுக்கான ஜாக்கி வாடகை, பத்து நாள் நல்ல தண்ணீர், குடும்பத்துக்கு இரண்டு மாத வீட்டு வாடகை. மேஸ்திரியின் கடைசித் தவணையைத் தளம் போட்ட நாளோடு கட்டாமல் முட்டு எடுத்த நாளோடு கட்டலாம்; அதற்குச் சட்டமோ அனுமதியோ தேவையில்லை, பேரம் பேசும்போது ஒரு வாக்கியம் போதும். அரசுத் திட்டங்களில் கூரைத் தவணையை இரண்டாக உடைத்து, பாதியை 28ஆம் நாள் தருவதும், மீன்பிடித் தடைக்கால உதவியோடு வீட்டுப் பழுதுக்கான சிறுகடனை இணைப்பதும் பெரிய நிதிச் சுமை அல்ல. தை மாதம் கூரையைப் பிரிக்கிற குடும்பத்துக்கு இவை கிடைத்தால், பங்குனி முடிவதற்குள் மேல்தளத்துச் சுருக்கியும் தட்டோடும் முடிந்து, சித்திரை வெயிலில் நீர்ச்சோதனையும் பார்த்துவிடலாம். ஆவணியில் அவசரமாகத் தொடங்குகிறவருக்கு அந்தச் சோதனையை ஐப்பசி மழைதான் செய்து காட்டும்.